கம்பளி பின்னுற ஆச்சியை நாரோயில்ல எவனாவது பாத்திருக்கியளா?

நேத்து மறுபடியும் ஒரு படக்கதைப் புத்தகம். 24 பக்கம், 180 ரூவா. அட்டையைப் பாத்ததுமே எனக்கு வெப்ராளம் வந்துட்டு. வெள்ளைக் கொண்டை, மூக்கு நுனியில கண்ணாடி, ஆடுற நாற்காலி, மடியில பூனை, கையில கம்பளி நூலு. கம்பளி! சித்திரை வெயில்ல வடசேரி சந்தையில அஞ்சு நிமிசம் நின்னிருப்பானா இத வரைஞ்சவன்?

மொதப் பக்கம், ஆச்சி உக்காந்திருக்கா. மூணாம் பக்கம், இன்னும் உக்காந்திருக்கா. அஞ்சுல எந்திரிப்பான்னு பாத்தா கண்ணாடியைத் தொடைக்கா. ஒம்பதுல இருமல். பதிமூணுல பேரன் போர்வை போத்துதான் (கம்பளி பத்தலயாம்). இருபத்திரண்டுல, வேற என்ன, வானத்துல ஒரு நட்சத்திரம். ஒரு கிழவியை 24 பக்கத்துக்கு உயிரோட வைக்க ஒங்களுக்கு வலிக்கா?

எம்பிள்ளைக்கு ஆறு வயசு. புத்தகத்தையும் முற்றத்தையும் மாறி மாறிப் பாத்தா. "அம்மா, நம்ம ஆச்சி எப்போ இப்பிடி ஆவா?"

நம்ம ஆச்சி அப்போ தேங்கா உரிச்சிட்டு நிக்கா. வயசு 64. விடியுமுன்ன தோவாளைச் சந்தைக்குப் போயி பிச்சிப்பூ எடுத்து, கட்டி, கடைக்குக் குடுத்துட்டு வந்தவ. பாட்டாவுக்கு 74. சைக்கிள்ல மரச்சீனிக் கிழங்கு மூடை ஏத்திட்டு வாற வழியில, 1956ல குமரி தமிழ்நாட்டோட சேந்த கதையை நேர்ல நின்னு நடத்தி வச்ச மாதிரி டீக்கடையில அடிச்சு விடுவாரு. அப்போ அவருக்கு நாலு வயசு! இந்த மனுசனை வரைஞ்சா பிள்ளைய சிரிக்காதா? கொண்டையும் கம்பும் இருந்தாத்தான் தாத்தா பாட்டின்னு பிள்ளைகளுக்கு வெளங்குமாம். மண்ணாங்கட்டி.

ஆச்சி வந்து புத்தகத்தைப் புரட்டினா. "ஏட்டி, இவளுக்கு என்ன, மூட்டு வலியா?"

வெலையைச் சொன்னேன். "180ஆ? சாளை மீன் வாங்கியிருக்கலாமே!"

எங்க வாங்க? ஒரே மாவட்டம், ரெண்டு கடல், ரெண்டு மீன்பிடித் தடை. ஏப்ரல் 15ல கிழக்க சின்னமுட்டத்துல விசைப்படகை நிறுத்துனா ஜூன் 14 வரைக்கும். அது முடியுமுன்ன ஜூன் 1லயே மேற்க குளச்சல் பக்கம் நிறுத்திருவான். இந்த ரெண்டு வாரமும் ரெண்டு பக்கமும் அடைப்பு. சாளையைக் கேட்டா நெய்மீன் வெலை சொல்லுதாவ!

நான் இதை எழுதி முடிக்கதுக்குள்ள ஆச்சி செருப்பை மாட்டிட்டு மீன்காரிகிட்ட சண்டைக்குப் போயாச்சு.