பிரெஞ்சுக்கு போக இங்கிலீஷ் கேட் எதுக்கு?

போன கிழமை தேயிலைத் தோட்டத்து திருவிழாவுக்கு பொகவந்தலாவைக்கு போயிருந்தேன். கரகம் இறங்கி வர்ற நேரம், மேளச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல, அதுக்குள்ள பக்கத்துல நின்ன மாமா ஒருத்தரு காதுக்கிட்ட வந்து "என்னா புள்ள, பிரெஞ்சு படிச்சியே, எப்ப பிரான்சுக்கு போற?"ன்னாரு. போகல மாமா, இங்கதான் இருக்கேன்னேன். "அப்ப எதுக்கு நாலு வருசத்த வீணாக்குன?"

இந்தக் கேள்விய கம்பஸ் போன நாள்ல இருந்து கேட்டுக்கிட்டு இருக்கேன், அதனால கோவம் வரல. ஊர்ல பிரெஞ்சுன்னா விசா. கொழும்புல பிரெஞ்சுன்னா பெரிய ஸ்கூல் பிள்ளைங்க ஸ்டைலுக்கு படிக்கிறது. ரெண்டுக்கும் நடுவுல தோட்டத்துல இருந்து போன ஒருத்தி அந்த கிளாஸ்ல என்ன பண்ணிக்கிட்டு இருந்தான்னு யாருக்கும் வெளங்காது, மொத வருசம் எனக்கே வெளங்கல.

ஆனா நான் எழுத வந்தது மாமாவ பத்தி இல்ல. எனக்கு இருக்கிற சண்டை பிரெஞ்ச எங்களுக்கு சொல்லிக்கொடுத்த விதத்தோட. எந்த கம்பஸ்னு சொல்லமாட்டேன், கேக்கவும் வேணாம். மொத நாள் கிளாஸ்ல பாதி பேரு ஸ்கூல் கடைசி பரீட்சை ஏ.எல்.லுக்கே பிரெஞ்சு செஞ்சிட்டு வந்தவங்க, மிச்சம் நாங்க பூச்சியத்துல இருந்து. பூச்சியத்துல இருந்து தொடங்குறது பிரச்சினையே இல்ல, ஆனா பிரெஞ்சு இலக்கணம் முழுக்க இங்கிலீஷ்ல வெளக்குனாங்க. நான் ஓ.எல்., ஏ.எல். எல்லாம் தமிழ் மீடியம். அப்ப நான் படிச்சது ஒரு பாஷை இல்ல, ஒரே நேரத்துல ரெண்டு. இங்கிலீஷ் வெளங்காததால பிரெஞ்சு வெளங்கல, பிரெஞ்சு வெளங்காததால "இந்த பிள்ளைக்கு மொழி வராது"ன்னு ஒரு பேரு.

இப்ப சொல்றேன், எனக்கு மொழி வந்துச்சு. வந்த வழி தமிழ்.

ஒரு உதாரணம். பிரெஞ்சுல மூக்கால சொல்ற உயிரெழுத்துங்க இருக்கு, அதுக்கு ரெண்டு கிழமை கிளாஸ் நடந்துச்சு, வாய் எப்பிடி வைக்கணும்னு படம் எல்லாம் போட்டாங்க. நீங்க இப்ப சத்தமா, வீட்ல பேசுற மாதிரி, "நாங்க நேத்தே வந்தோம்"னு சொல்லிப் பாருங்க. கடைசி 'ம்'முக்கு உதடு ஒட்டுச்சா? ஒட்டாது. சத்தம் மூக்குல போய் கரைஞ்சிடும். நல்லதுங்கிறதுக்கு பிரெஞ்சுக்காரங்க சொல்ற 'பொன்'ல கடைசியா வர்ற சத்தம் அதேதான். "அவன் வந்தான்"னு சொல்றப்ப முடியிற சத்தம் அவங்களோட 'ஆன்ஃபான்' முடியிற சத்தம், குழந்தைன்னு அர்த்தம். ரெண்டு கிழமை கஷ்டப்பட்டத நான் ஹொஸ்டல் பாத்ரூம்ல தனியா பேசிக்கிட்டு இருந்தப்போ ரெண்டு நிமிசத்துல கண்டுபிடிச்சேன். இத ஒரு தமிழ் ஆள் மொத நாளே சொல்லியிருந்தா என்ன கொறைஞ்சிருக்கும்? (தொண்டையில சொல்ற 'ர' மட்டும் சத்தியமா நம்மகிட்ட இல்ல. உப்புத்தண்ணி கொப்பளிக்கிற மாதிரி பழகுனேன், லீவுக்கு வந்தப்போ அம்மா கொத்தமல்லி அவிச்சு வச்சிட்டாங்க.)

அடுத்தது 'து', 'வூ'. நீ, நீங்க. இதுக்கு இங்கிலீஷ்ல மூணு பக்கம் நோட்ஸ், ஏன்னா இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே சொல்லு. நமக்கு இது பால்குடி பாடம், தொரைகிட்ட எப்பிடி பேசணும் பக்கத்து லயத்து பிள்ளைகிட்ட எப்பிடி பேசணும்னு அஞ்சு வயசுலயே தெரியும். எங்க வித்தியாசம் வருதுங்கிறதுதான் சுவாரசியம்: பிரெஞ்சு பிள்ளைங்க இப்ப அப்பாவையும் 'து'ன்னுதான் கூப்புடுதுங்க, நம்ம வீட்ல அப்பாவ நீன்னு சொன்னா செருப்பு பறக்கும். ஆனா சாமின்னு வந்தா ரெண்டு பக்கமும் ஒண்ணு. அவங்க ஜெபத்துலயும் கடவுள் 'து'தான், நம்ம அம்மாயி "மாரியாத்தா, நீதான் பாத்துக்கணும்"னு கத்துறதும் அதேதான்.

பேச்சும் எழுத்தும் வேற வேறங்கிறத ஒரு இங்கிலீஷ் ஆளுக்கு புரிய வைக்கிறது கஷ்டம், நமக்கு சொல்லவே தேவையில்ல. 'பஸ்ஸே சாம்ப்ள்'னு ஒரு இறந்தகாலம் இருக்கு, நாவல்ல வரும், சரித்திர புத்தகத்துல வரும், கடையில யாரும் பேசமாட்டாங்க. கிளாஸ்ல எல்லாரும் தலைய பிச்சிக்கிட்டாங்க, எதுக்கு பேசாத ஒண்ண படிக்கணும்னு. நான் கொப்பி ஓரத்துல "சென்றனர், கண்டனர்"னு எழுதி வச்சிட்டு அடுத்த பக்கத்துக்கு போயிட்டேன்.

சரி இதெல்லாம் சின்ன விசயம்னு வைங்க. பெரிய விசயம் ஒண்ணு சொல்றேன், இதுதான் என்னைய இந்த பதிவ எழுத வச்சது.

"அப்ப அவங்க ராத்திரியில வருவாங்க, கதவ தட்டுவாங்க, அடிப்பாங்க." இந்த வாக்கியம் எந்தக் காலம்? உருவத்த பாத்தா எதிர்காலம். ஆனா தமிழ் ஆள் யாரு கேட்டாலும் தெரியும், இது முந்தி திரும்பத் திரும்ப நடந்த விசயம். "சின்ன வயசுல அம்மா கதை சொல்லுவாங்க"ங்கிற மாதிரி. பிரெஞ்சுல இதுக்குன்னே தனி காலம் இருக்கு, 'எம்பார்ஃபெ'ன்னு பேரு, முந்தி வழக்கமா நடந்தது, நடந்துக்கிட்டே இருந்தது எல்லாத்துக்கும் அது. ஒரு தடவ நடந்து முடிஞ்சதுக்கு வேற காலம். இப்ப யோசிங்க, பாரிஸ் பக்கத்துல அகதி விண்ணப்பம் பாக்குற ஒஃப்ரா ஆபீஸ்ல ஒருத்தர் உக்காந்து இதே வாக்கியத்த சொல்றாரு, மொழிபெயர்ப்பாளர் தமிழ் இலக்கண புத்தகத்துல உள்ளபடி எதிர்காலம்னு போட்டா நடந்தது நடக்கப்போறதா மாறிடும், ஒரு தடவ நடந்ததுன்னு போட்டா வருசக்கணக்கான அடி ஒரு ராத்திரி அடியா சுருங்கிடும். விண்ணப்பத்துல அவங்க நோண்டுறதே இதத்தான், எப்ப, எத்தன தடவ, முன்ன சொன்னதுக்கும் இப்ப சொல்றதுக்கும் ஒத்துப்போகுதா. 83க்கு அப்புறம் எத்தனை ஆயிரம் தமிழ் ஆளுங்க அந்த நாற்காலியில உக்காந்திருப்பாங்க. "அடிப்பாங்க"ங்கிறத சரியா பிரெஞ்சுக்கு கொண்டுபோக இங்கிலீஷ் எதுக்குமே தேவையில்ல, ஆனா தமிழும் பிரெஞ்சும் ரெண்டும் உள்ளுக்குள்ள ஊறியிருக்கணும். இதுக்கு ஒரு பாடம் எங்க சிலபஸ்ல இல்ல. சீஸ் வகை பத்தி இருந்துச்சு.

ஆமா, கலாச்சாரம்னு ஒரு பேப்பர். வைன், சீஸ், ஈஃபில் டவர், லூவ்ர் மியூசியம், மன்னர்கள் வரிசை. வேணாம்னு சொல்லல, ஆனா அதுதானா பிரெஞ்சு உலகம்? 1848ல பிரெஞ்சு காலனிகள்ல அடிமை முறைய ஒழிச்சாங்க, ஒழிச்ச உடனே கரும்பு வெட்ட ஆள் இல்ல, அப்புறம் என்ன, நம்ம ஆளுங்கதான். பாண்டிச்சேரி, காரைக்கால்ல இருந்து ஒப்பந்தம் போட்டு கப்பல் ஏத்தி ரீயூனியனுக்கு, மார்த்தினிக்குக்கு, குவாதலூப்புக்கு. ரீயூனியனுக்கு மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல. நம்ம பாட்டன் பூட்டன் மண்டபம், தலைமன்னார்னு கடல் தாண்டி, நடந்து கோப்பிக் காட்டுக்கு வந்த அதே காலம், பல பேருக்கு அதே ஜில்லா, அங்கிட்டு போனவன் கரும்புக்கு இங்கிட்டு வந்தவன் கோப்பிக்கு, பின்னால தேயிலைக்கு. ரீயூனியன்ல அவங்களுக்கு பேரு மல்பார். இன்னைக்கும் அங்க தீமிதி நடக்குது, காவடி எடுக்குறாங்க, தமிழ் பேச வராது ஆனா பேரு முத்துசாமி, ராமசாமி, வீரப்பிள்ளை. இதெல்லாம் பிரெஞ்சு எழுத்துல இருக்கும், நீங்க கடைசி எழுத்த இழுத்து வாசிச்சா நம்ம மஸ்டர் ரோல்ல பேரு கூப்புடுற மாதிரியே இருக்கும். இத நான் கிளாஸ்ல படிக்கல. லைப்ரரில வேற எதையோ தேடப்போய் ஒரு பேர் பட்டியல் கண்ணுல பட்டுச்சு, எங்க தாத்தா பேரு அதுல ஏழு தடவ. யாரோ ஏழு பேரு. அன்னைக்கு சாப்பாட்டுக்கு போகல.

இலக்கியத்துக்கு வர்றேன். சோலாவோட ஜெர்மினல் எங்களுக்கு பாட புத்தகம். 1885ல வந்த நாவல், வட பிரான்ஸ் நிலக்கரி சுரங்க வேலைக்காரங்க கதை. அதுல 'கொரோன்'னு ஒரு சொல்லு வரும். லெக்சரர் அதுக்கு இங்கிலீஷ்ல ஒரு நீட்டு வெளக்கம் குடுத்தாங்க, கம்பனி கட்டிக்கொடுத்த, ஒண்ணோட ஒண்ணு ஒட்டுன, ஒரே மாதிரி வரிசை வீடுங்கன்னு. பக்கத்து பெஞ்ச் பிள்ளைங்க வரைஞ்சு பாத்தாங்க. நான் பேனாவ எடுத்து ஓரத்துல மூணு எழுத்து எழுதுனேன், 'லயம்'. அதுக்கப்புறம் அந்த நாவல் எனக்கு பிரான்ஸ்ல நடக்கல. விடியக்காலம் நாலு மணிக்கு மூத்த பொம்பளப்பிள்ளை எந்திரிச்சு எல்லாரையும் எழுப்புறா, ஒரே ரூம்ல மூணு கட்டில்ல பிள்ளைங்க எல்லாம், அப்பாவும் அம்மாவும் வெளிய நடைபாதை மாதிரி இடத்துல. மரம் முட்டுக்கொடுக்குறது சரியில்லன்னு கம்பனி அபராதம் போடுது. வண்டி நெறைய வெட்டுனாலும் கூலி கொறையுது. கொழுந்து கிலோ பத்தலன்னு அரைப்பேரு, அதாவது அரைநாள் சம்பளம், போட்டுட்டாங்கன்னு எங்கம்மா முந்தானையால மொகத்த தொடச்சுக்கிட்டே வந்து நிப்பாங்கல்ல, அதுக்கு எந்த அகராதியும் வேணாம். கடைக்காரன்கிட்ட கடன் சொல்ற அத்தியாயத்த கிளாஸ்ல எனக்கு சத்தமா வாசிக்க சொன்னாங்க, நடுவுல நிறுத்திட்டேன். உச்சரிப்பு வரலன்னு நெனச்சு மார்க் கொறைச்சாங்க. சரி போகட்டும்.

"பிரான்ஸ் இலக்கியம் உயர்ந்தது, அதான் படிக்கிறோம்"ங்கிற பேச்சு எனக்கு புடிக்காது. உயர்ந்ததுன்னு எல்லாம் ஒண்ணும் இல்ல. ஆனா நம்ம லயத்த பத்தி நமக்கே சொல்ல வராத ஒண்ண வேற ஊர்க்காரன் அவன் ஊர வச்சு சொல்லிட்டான்னா அத அவன் பாஷையிலயே வாசிக்கிறதுல ஒரு சுகம் இருக்கு, இத வாசிச்சவங்களுக்கு தெரியும்.

தமிழ் வழியா பிரெஞ்சு படிக்க புத்தகம் எங்கன்னு கேப்பாங்க. 1855லயே பாண்டிச்சேரில பாதிரிமாருங்க தமிழ் - பிரெஞ்சு அகராதி அச்சடிச்சிட்டாங்க. பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1955ல இருந்து இயங்குது. பாதை போட்டு நூத்தம்பது வருசத்துக்கு மேல ஆகுது, நாமதான் கொழும்ப சுத்தி இங்கிலீஷ் ரோட்ல போய்க்கிட்டு இருக்கோம். கண்டிக்கும் பிரெஞ்சுக்கும் கூட பழைய கணக்கு உண்டு, 1672ல தூது வந்த பிரெஞ்சுக்காரர ரெண்டாம் ராஜசிங்கன் திருப்பி அனுப்பாம புடிச்சு வச்சிக்கிட்டாரு, ராஜாவுக்கு முன்னாடி மரியாதை தெரியாம நடந்துக்கிட்டாருன்னு. அவர் வம்சம்னு சொல்ற லனரோல் குடும்பங்க இன்னைக்கும் இருக்கு. து, வூ வித்தியாசம் ராஜாவுக்கும் தெரிஞ்சிருக்கு பாருங்க.

வேலைய பத்தியும் சொல்லணும், இல்லாட்டி மாமா விடமாட்டாரு. எல்ல ட்ரெயின்ல, தெமோதர ஒன்பது வளைவு பாலத்துல நின்னு பாருங்க, எத்தன பேரு பிரெஞ்சு பேசுறாங்கன்னு. பிரெஞ்சு பேசுற லைசன்ஸ் கைட் கெடைக்கிறது கஷ்டம். என்கூட படிச்ச பொண்ணு ஒருத்தி கொழுந்து எடுக்குற மலைக்கே ஆளுங்கள கூட்டிட்டு போறா, அவளோட அம்மா அதே மலையில பேர் போட்டவங்க. மத்தவங்க டெல்ஃப்ங்கிற பிரெஞ்சு பரீட்சைய பி2 மட்டம் வரைக்கும் எடுக்கலாம், அந்த சர்டிஃபிகட்டுக்கு காலாவதி கெடையாது, கண்டி அலியான்ஸ் பிரான்சேஸ்ல வகுப்பு இருக்கு. பொகவந்தலாவையில இருந்து ஹட்டன், அங்க இருந்து கண்டின்னு பஸ் மாறி போறதுக்குள்ள அரை நாள் போயிடும், அது வேற விசயம். வேலைக்காக மட்டும் படிச்சா பாதியில அலுத்துப்போயிடும்ங்கிறது என் அனுபவம்.

அதனால இப்ப மாசத்துல ரெண்டு சனிக்கிழமை எங்க டிவிசன் கோயில் மண்டபத்துல பதினொரு பிள்ளைங்களுக்கு தமிழ்லயே பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். மொத பாடம் 'தே'. அவங்க டீய 'தே'ன்னுதான் சொல்றாங்க, நாம தேத்தண்ணின்னு சொல்றோம்ல, அதே தே, ரெண்டும் சீனாவுல ஹொக்கியன் பேச்சுல இருந்து கப்பல்ல போனதுதான். பிள்ளைங்க நம்பல, போன்ல பிரெஞ்சுக்கார பொம்பளை ஒருத்தங்க சொல்றத போட்டுக் காட்டுனேன், ஒரே சிரிப்பு.

அப்புறம் ஆண்பால் பெண்பால் வந்துச்சு. பிரெஞ்சுல எல்லா பொருளுக்கும் பால் உண்டு, மேசை பெண், பேனா ஆண்... இல்ல இல்ல, இப்ப எழுதுற பேனா ஆண், மைய தொட்டு எழுதுற பழைய இறகு பேனா பெண், அது பெரிய கூத்து, விடுங்க. 'ஃபெய்', இலை, அது பெண்பால். 'தே' ஆண்பால். எட்டாம் வகுப்பு படிக்கிற பொண்ணு ஒருத்தி கைய தூக்கி, "டீச்சர், அப்ப கொழுந்து பொம்பள, டீ ஆம்பளையா?"ன்னா. ஆமான்னேன். "அப்ப சம்பளம் யாரு வாங்குவா?"

மண்டபத்துக்கு வெளியில பிள்ளைய கூட்டிட்டு போக வந்து நின்ன பொம்பளைங்க ரெண்டு மூணு பேரு சத்தமா சிரிச்சாங்க. நான் போர்ட்ல எழுதுனத அழிச்சிட்டு அடுத்த சொல்லுக்கு போனேன். அடுத்த சனிக்கிழமை எண்கள், தொண்ணூறுக்கு அவங்க 'நாலு இருபது பத்து'ன்னு சொல்லுவாங்க, அதுக்கு இவ என்ன கேக்கப்போறாளோ.