வருஷம் எப்படிங்க கருத்தாகும்?

எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தர் வேலூர் சிப்பாய் எழுச்சி 1857-ல் நடந்தது என்று போட்டார். 1806 ஜூலை 10, விடிவதற்கு முன்னாடியே கோட்டைக்குள் தொடங்கிவிட்டது, 1857-ல் மீரட்டில் வெடித்த சிப்பாய்க் கலகத்துக்கு 51 வருஷம் முந்தி என்று எழுதினேன். உடனே பதில்: "அது உங்க கருத்து சார், இது என் கருத்து." கூடவே ஒரு கும்பிடு. அதுக்கு நாலு பேர் லைக் வேற.

இதைத்தான் தாங்க முடியவில்லை. அது முதல் விடுதலைப் போரா? அது கருத்து, விடிய விடியப் பேசலாம். சிப்பாய்கள் மேல் ஆங்கிலேயர் திணித்த புதுத் தலைப்பாகையும், தாடிக்கும் நெற்றிக்குறிக்கும் போட்ட தடையும்தான் காரணமா, கோட்டையில் வைத்திருந்த திப்பு குடும்பத்துக்கு எவ்வளவு பங்கு என்று சண்டைகூடப் போடலாம், நானும் வருகிறேன். ஆனால் வருஷத்தில் என்னங்க கருத்து? 2006-ல் இருநூறாம் ஆண்டுக்கு அஞ்சல் தலையே வெளியிட்டார்கள்.

இதே ஆட்கள்தான் பிரியாணி என்று வந்துவிட்டால் அப்படியே மாறிவிடுவார்கள். "ஆம்பூருக்கு முன்னால திண்டுக்கல் நிக்காது, இது உண்மை, பேச்சு முடிஞ்சது." ஐயா, நாக்கு ருசியை எப்படி உண்மை என்று அடித்துச் சொல்கிறீர்கள்? எனக்கும் ஆம்பூர்தான் உசத்தி, ஆனால் அது என் நாக்கு. இரண்டு ஊரிலும் வழக்கமாகச் சீரகச் சம்பாதான் போடுகிறார்கள், அது தகவல், அதில் மாற்றுக் கருத்துக்கு இடமே இல்லை.

சரி, பெரியவர்கள் எப்படியோ போகட்டும். அதே குழுவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பரீட்சையில் 1857 என்று எழுதிவிட்டு, "இது என் கருத்து" என்றால் வாத்தியார் மார்க் போடுவாரா?