பச்சைச் சுங்குடிப் புடவை என் அம்மாதான்

ஆமாம், சினிமா எடுத்த இடத்தைத் தேடிப் போகிறவர்களைக் கிண்டல் செய்து ஒரு பயண எழுத்தாளர் இணையத்தில் போட்ட பதிவில், அந்தப் படத்தில் இருப்பது நாங்கள்தான். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில், 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தில் வந்த மிராபெல் தோட்டத்துப் படிக்கட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் பச்சைச் சுங்குடிப் புடவை என் அம்மா. பக்கத்தில் கைகளை விரித்துக்கொண்டு நிற்பது என் மகள். கீழே கைபேசியும் கையுமாகக் குனிந்திருப்பது நான். நேற்றிலிருந்து பலர் உள்பெட்டிக்கு வந்து "நீங்களா இது?" என்று கேட்டுவிட்டீர்கள். கேட்காமலே அங்கே போய்ச் சிரிப்புப் பொம்மை போட்டுவிட்டு வந்தவர்களையும் பார்த்தேன். பெயர்கள் நினைவில் இருக்கின்றன.

எழுதியவர் யார் என்று இங்கே சொல்லப்போவதில்லை. உங்களுக்குத் தெரியும். "மொஸார்ட் பிறந்த ஊருக்கு வந்து சினிமாப் படிக்கட்டைத் தேடுகிறது நம் கூட்டம்" என்று ஆரம்பித்து, புடவைக்குக் கீழே தெரிந்த ஸ்போர்ட்ஸ் ஷூவைப் பற்றி இரண்டு வரி நகைச்சுவை செய்து, "ஐரோப்பாவைப் பார்க்கக் கண் வேண்டும், கேமரா போதாது" என்று முடித்திருக்கிறார். இதை எழுதியவர் எங்களைக் கேமரா வழியாகத்தான் பார்த்தார் என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஊர் பார்க்கப் போகிறவர்கள் எல்லோருமே ஏதோ ஒரு கதையைக் கேட்டுவிட்டுத்தான் போகிறோம். சிலருக்கு அந்தக் கதை சரித்திரப் பாடத்தில் கிடைத்தது, சிலருக்குத் தல புராணத்தில் கிடைத்தது, என் அம்மாவுக்குத் திரையில் கிடைத்தது. இதில் உசத்தி எது, மட்டம் எது என்று தரம் பிரிக்கும் வேலையை இவருக்கு யார் கொடுத்தார்கள்?

இசைமேதை மொஸார்ட்டையே எடுத்துக்கொள்வோம், அந்தப் பேச்சை எழுத்தாளர்தானே ஆரம்பித்தார். கெட்ரைட்காஸே தெருவில் 9-ஆம் எண் வீடு. 1756-இல் மொஸார்ட் அங்கே பிறந்தார். நாங்களும் அந்த வீட்டுக்குப் போனோம். சிறுவனாக அவர் வாசித்த வயலினையும் பார்த்தோம். அதைப் படம் பிடிக்க நம் எழுத்தாளர் அங்கே வரவில்லை, பாவம். ஆனால் அந்த ஊர் மொஸார்ட்டை எப்படி நடத்தியது? 1781-இல் சால்ஸ்பர்க் பேராயரிடமிருந்து வேலையை விட்டு அவர் விலகப் பார்த்தபோது, பேராயரின் அதிகாரியான ஆர்கோ பிரபு அவரைப் பின்னால் உதைத்து வெளியே தள்ளினார். நான் சொல்லவில்லை, மொஸார்ட்டே தன் அப்பாவுக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். இன்றைக்கு அதே ஊரில் கடைக்குக் கடை அவர் முகம் அச்சிட்ட காகிதத்தில் சாக்லேட் உருண்டை சுற்றி விற்கிறார்கள். அவர் உயிரோடு இருந்தபோது அந்த உருண்டையே கிடையாது, 1890-இல்தான் ஒரு மிட்டாய்க் கடைக்காரர் அதைச் செய்தார். நம் எழுத்தாளர் அந்த உருண்டையையும் கடித்துப் படம் போட்டிருக்கிறார். அது பண்பாடு. நாங்கள் படிக்கட்டில் நின்றால் அது சினிமாப் பைத்தியம்.

அந்தப் படிக்கட்டு இருக்கிற இடமாவது என்ன? மிராபெல் அரண்மனை. 1606-இல் வோல்ஃப் டீட்ரிச் என்ற பேராயர், சலோமி ஆல்ட் என்ற பெண்ணுக்காகக் கட்டியது. அந்த அம்மாளுக்கும் அவருக்கும் பதினைந்து பிள்ளைகள் பிறந்தார்கள். கத்தோலிக்கப் பேராயர் ஐயா அவர்! இதைத் திரைக்கதையாக எழுதிக்கொண்டு போனால் நம்பும்படி இல்லை என்று தயாரிப்பாளர் திருப்பி அனுப்பிவிடுவார். அந்தக் கதைக்காக அங்கே போனால் வரலாற்று ஆர்வம். 1965-இல் வந்த 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தில் ஏழு குழந்தைகள் அதே தோட்டத்தில் பாடினார்கள் என்பதற்காகப் போனால் பாமரத்தனம்.

"ஆனால் சினிமா பொய்தானே" என்று ஒருவர் அங்கே கீழே எழுதியிருந்தார். இவருக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் கேள்வி நியாயமானது. பொய்தான். நிறையப் பொய். படத்தில் அந்த ஏழு குழந்தைகளின் குடும்பம் நாஜிகளிடமிருந்து மலையேறி சுவிட்சர்லாந்துக்குத் தப்புகிறது. சால்ஸ்பர்க் பக்கத்தில் மலையைத் தாண்டினால் வருவது ஜெர்மனி, அதிலும் ஹிட்லரின் மலை வீடு இருந்த வட்டாரம். அந்தக் கதைக்கு மூலமான உண்மையான டிராப் குடும்பம் 1938-இல் ரயிலேறி இத்தாலிக்குப் போனது. படத்தின் நாயகியான மரியா நிஜத்தில் ஏழு பிள்ளைகளுக்கும் ஆயாவாக வரவில்லை, ஒரே ஒரு பெண்ணுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வந்தார். பிள்ளைகளின் அப்பாவோடு அவருக்குக் கல்யாணம் நடந்தது 1927-இல், நாஜிகள் ஆஸ்திரியாவுக்குள் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பு, நோன்பெர்க் கன்னியர் மடத்தில். படத்தில் வருகிற கல்யாணத் தேவாலயமோ மோண்ட்சேயில் இருக்கிறது. பதினாறு வயதுப் பாட்டு வருகிற கண்ணாடி மண்டபத்தை ஹெல்ப்ருன் பூங்காவில் வைத்திருக்கிறார்கள், ஆனால் உள்ளே ஆடுகிற காட்சியை எடுத்தது அமெரிக்க ஸ்டூடியோவில். வயதான ரசிகை ஒருவர் உள்ளே பெஞ்சுக்குப் பெஞ்சு தாவப்போய் விழுந்ததால்தான் பூட்டு போட்டார்கள் என்று வழிகாட்டிகள் சொல்கிறார்கள். என் அம்மா அந்தக் கதையைக் கேட்டுவிட்டுப் பூட்டைத் தொட்டுப் பார்த்தார்.

இவ்வளவும் எங்களுக்குத் தெரியும். எப்படித் தெரியும்? படம் எடுத்த இடங்களைத் தேடிப் போனதால்தான். மொஸார்ட் உருண்டையைக் கடித்துவிட்டுத் திரும்பியிருந்தால் இதில் ஒன்றுகூடத் தெரிந்திருக்காது.

பொய் என்கிறவர்களிடம் இன்னொன்றும் கேட்கிறேன். அந்த ஊரில் ரெசிடென்ஸ் சதுக்கம் இருக்கிறது. 1938 ஏப்ரல் 30 அன்று நாஜிகள் அங்கே புத்தகங்களைக் குவித்து எரித்தார்கள். படப்பிடிப்புக்காக அதே சதுக்கத்தில் ஸ்வஸ்திகா கொடி கட்ட அனுமதி கேட்டபோது ஊர் அதிகாரிகள் தயங்கினார்களாம். அப்படியானால் ஹிட்லரை உங்கள் மக்கள் வரவேற்ற பழைய செய்திப் படத்தைச் சேர்த்துக்கொள்கிறோம் என்று சொன்ன பிறகுதான் சம்மதித்தார்கள் என்பது படக்குழுவினர் சொல்லும் கதை. படம் ஜெர்மனியில் வெளியானபோது, அந்தப் படக் கம்பெனியின் ம்யூனிக் கிளை மேலாளர் கல்யாணத்துக்குப் பிறகு வருகிற நாஜிப் பகுதி முழுவதையும் வெட்டிவிட்டார், அதனால் வேலையும் போயிற்று. டிராப் குடும்பம் விட்டுவிட்டுப் போன உண்மையான வீடு இன்றைக்கு ஹோட்டல். நடுவில் அதில் வந்து உட்கார்ந்தவர் நாஜித் தலைவர்களில் ஒருவரான ஹிம்லர். இப்போது சொல்லுங்கள், மறக்கப் பார்த்தது ஊரா, சினிமாவா? உண்மை எந்தப் பக்கம் இருந்தது?

அடுத்தது கூட்டம். "உங்களைப் போன்றவர்களால்தான் ஐரோப்பியக் கிராமங்கள் மூச்சுத் திணறுகின்றன." இது அடிக்கடி வருகிற வசனம். ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் கிராமத்தில் 2023-இல் செல்ஃபி எடுக்கிற இடத்தில் மரத்தட்டி கட்டி மறைத்தார்கள், சத்தம் எழுந்ததும் எடுத்துவிட்டார்கள். சுவிட்சர்லாந்தின் இசல்ட்வால்டில் ஒரு கொரியத் தொடரில் வந்த சின்னப் படகுத்துறைக்கு அதே ஆண்டு சுழல் கதவு வைத்து 5 பிராங்க் வாங்க ஆரம்பித்தார்கள். சரிதான், வாங்கட்டும், கொடுக்கிறோம். வெனிஸ் 2024-இல் பகல் நேரப் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வசூலிக்கத் தொடங்கியதே, அங்கே குவிகிறவர்களெல்லாம் சினிமா பார்த்துவிட்டா வந்தார்கள்? ஐரோப்பாவின் நெரிசலுக்கு மூட்டுவலிக்காரியான என் அம்மாவைப் பொறுப்பாக்காதீர்கள். இதற்கு மேல் இதில் பேச எனக்கு ஒன்றுமில்லை.

உண்மையில் உறுத்துவது வேறு. இதே மனிதர் போன வருடம் வியன்னாவில் கழிவுநீர்க் கால்வாய்க்குள் இறங்கி, தலையில் விளக்குத் தொப்பியோடு படம் போட்டார். 'தி தேர்ட் மேன்' படத்தின் துரத்தல் காட்சி எடுத்த இடமாம். 1949-இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம், அதனால் அது ரசனை. ரோமில் ட்ரெவி நீரூற்று முன்னால் நின்று இத்தாலிய இயக்குநர் ஃபெலினியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினார். நானும் விருப்பக்குறி போட்டேன். சாக்கடைக்குள் இறங்கினாலும் ரசனை, படிக்கட்டில் ஏறினாலும் பட்டிக்காடு. எந்தப் படம், எந்த இடம் என்பதெல்லாம் இவருக்குப் பொருட்டே இல்லை. அங்கே நிற்பது யார், என்ன உடுத்தியிருக்கிறார் என்பதுதான் கணக்கு.

ஸ்பெயினின் பில்பாவ் நகரத்து குகன்ஹைம் அருங்காட்சியகத்தைப் பற்றி இவர் எழுதும் நாளுக்காகக் காத்திருக்கிறேன். ஃபிராங்க் கெரி கட்டியது, 1997-இல் திறந்தது, டைட்டானியத் தகடுகள், எல்லாம் எழுதுவார். 2007-இல் 'சிவாஜி' படத்தில் 'ஒரு கூடை சன்லைட்' பாட்டில் தமிழ்நாட்டுக்கே அந்தக் கட்டடத்தைக் காட்டியவர் ரஜினிகாந்த் என்பதை மட்டும் எழுத மாட்டார். நான் அந்தக் கட்டடத்தின் பெயரைத் தெரிந்துகொண்டதே அந்தப் பாட்டினால்தான். இதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

நான் மதுரைக்காரி. திருமலை நாயக்கர் மகாலுக்கு வெளியூர் விருந்தாளிகளை எத்தனையோ முறை கூட்டிப்போயிருக்கிறேன். உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்த்து அவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "'பம்பாய்' படத்தில் 'கண்ணாளனே' பாட்டு இங்கேதானே?" என்பதுதான். இங்கேதான் என்று சொல்லி நிற்கவைத்தால், பிறகு தூணைத் தட்டிப் பார்க்கிறார்கள், சுதையைப் பற்றிக் கேட்கிறார்கள், நாயக்கர் யார், தெலுங்கரா, மகாலின் மீதிப் பகுதி எங்கே போயிற்று என்று கேட்கிறார்கள். பாட்டைக் கேட்டு வந்தவர்களை நாயக்கர் விரட்டவில்லை.

அம்மாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், சொல்ல வேண்டாம் என்று நினைத்தும் கை நிற்கவில்லை. அவர் படித்தது கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில். ஆண்டுவிழாவுக்கு 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்து 'டோ ரே மி' பாட்டைப் பழக்கினார்கள். அம்மாவுக்குக் குரல் உண்டு, உச்சரிப்பு வரவில்லை. கடைசி வரிசைக்குத் தள்ளி, "வாயை மட்டும் அசை, சத்தம் வரக்கூடாது" என்று சொல்லிவிட்டார் ஓர் ஆசிரியை. விழா முடிந்து, தாத்தா அவரை மதுரை ரீகல் டாக்கீஸில் அந்தப் படத்துக்குக் கூட்டிப்போனார். பகலில் வாசகசாலை, மாலையில் இங்கிலீஷ் படம் என்று நடந்த கொட்டகை அது. பேசுவது ஒன்றும் புரியவில்லையாம். ஆனால் அந்தப் பாட்டு முடிவதற்குள் படிக்கட்டு, குதிரைச் சிலை வைத்த நீரூற்று, கொடிப் பந்தல் எல்லாம் மனப்பாடம். 'சாந்தி நிலையம்' பார்த்தபோது "இது அந்தப் படம் மாதிரி இருக்கிறதே" என்று கொட்டகையிலேயே சொன்னாராம், பக்கத்துச் சீட்டில் அதட்டினார்களாம்.

அந்த அம்மாதான் மிராபெலில் கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, புடவைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் முதலில் வலது காலை வைத்து, அழுத்திப் பார்த்து, பிறகு இடது காலைச் சேர்த்து ஏறினார். ஷூ எதற்கு என்று கேட்டாரே எழுத்தாளர், இதற்குத்தான். எலும்பு மருத்துவர் எழுதிக்கொடுத்த ஷூ அது. மேல்படியில் நின்று திரும்பி, கோட்டையைப் பார்த்து, முழுத் தொண்டையில் பாடினார். உச்சரிப்பு இன்றும் அப்படியேதான். கீழே நின்ற ஒரு கொரியப் பெண் கூடச் சேர்ந்து பாடினாள். யாரோ ஒரு வெள்ளைக்காரத் தாத்தா தொப்பியைக் கழற்றினார். அந்த ஊர்க்காரர்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை. சுளித்தது நம் ஊர்க்காரர்.

"முகம் தெரியவில்லையே, பெயர் போடவில்லையே, எதற்கு இவ்வளவு கோபம்?" என்று இனி ஒருவர் வருவார். தெரியும். முகம் தெரியாவிட்டால் கிண்டல் செய்யலாம் என்பது எந்த ஊர் நியாயம்? கேட்காமல் ஒரு வயதான பெண்ணின் முதுகைப் படமெடுத்து, ஆயிரக்கணக்கானோர் பார்க்கிற இடத்தில் போட்டு, செருப்பு வரைக்கும் விமர்சனம் செய்வதற்குப் பெயர் பயண இலக்கியமாம். ஆஸ்திரியாவில் ஒருவரின் படத்தை அவருக்குக் கேடு வரும்படி வெளியிடுவதைத் தடுக்கச் சட்டமே இருக்கிறது, பண்பாட்டைக் கரைத்துக் குடித்தவர் அதையும் ஒரு எட்டு படித்திருக்கலாம்.

இன்று காலை வரை அந்தப் பதிவு அப்படியே இருக்கிறது. இதைப் படித்துவிட்டு எடுத்தாலும் சரி, எடுக்காவிட்டாலும் சரி. அடுத்த வருடம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பில்பாவ் போவதாக இருக்கிறோம். அங்கே சைவ உணவு நன்றாகக் கிடைக்கும் இடம் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். சினிமா பெரிதா, மொஸார்ட் பெரிதா என்று வாதம் செய்ய விரும்புகிறவர்களும் எழுதலாம், பதில் சொல்கிறேன். புடவையையும் ஷூவையும் பற்றி எழுதுகிறவர்களை மட்டும் விளக்கம் கேட்காமல் நட்பிலிருந்து நீக்கிவிடுவேன்.