மார்பில் தைத்த பறவை

போன மாதம் ஒரு அருங்காட்சியகத்தில் ஒரு துணித் துண்டின் முன்னால் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். ஒரு அடிச் சதுரம் இருக்கும், கருநீலப் பட்டு. அலைகளுக்கு நடுவே ஒரு பாறை, அதன் மேல் ஒற்றைக் காலில் ஒரு நாரை, தலையைச் சூரியன் பக்கம் தூக்கியபடி. சிறகின் ஓரத்தில் வெள்ளை நூல் பிரிந்து, அடியில் இருந்த பட்டு மட்டும் நிறம் மங்காமல் தெரிந்தது. சீனாவில் முதல் நிலை அரசு அதிகாரி தன் அங்கியின் மார்பிலும் முதுகிலும் தைத்துக்கொண்ட சின்னம் அது. நான் பார்த்தது சீனாவின் கடைசி அரசமரபான சிங் காலத்தது. வழக்கத்தை வகுத்துக் கொடுத்தது அதற்கு முந்தைய மிங் ஆட்சி, 1391இல்.

மிங் காலத்தில் குடிமை அதிகாரிகளுக்குப் பறவை, படை அதிகாரிகளுக்கு விலங்கு. முதல் நிலைக்கு நாரை, மூன்றாம் நிலைக்கு மயில், கடைசியான ஒன்பதாம் நிலைக்குக் காடை. படையில் சிங்கம், புலி, கரடி என்று போகும். எதிரே வருபவரின் மார்பைப் பார்த்தாலே எவ்வளவு குனிய வேண்டும் என்று தெரிந்துவிடும்.

இதிலிருந்துதான் ‘யீ குவான் சின் ஷோ’ என்ற நான்கெழுத்து வசை வந்தது என்பார்கள். உடை, தொப்பி, பறவை, விலங்கு. முதலில் பதவியில் இருப்பவரைப் பெருமையாகச் சொன்ன சொல், மிங் ஆட்சியின் பிற்பகுதியில் அதிகாரிகளின் அட்டூழியம் தாங்காமல் வசையாகத் திரும்பிவிட்டது என்பது சீனர்கள் வழக்கமாகச் சொல்லும் விளக்கம். அங்கியும் தொப்பியும் மாட்டிய மிருகம்!

பசுத்தோல் போர்த்திய புலி என்று நாமும் சொல்கிறோம். ஆனால் அங்கே புலி ஒளிந்திருக்கிறது. தோலை விலக்கினால்தான் தெரியும். சீன வசையில் மிருகம் ஒளியவே இல்லை. அரசாங்கமே மார்பில் தைத்து அனுப்பியிருக்கிறது. இன்று சீனத்தில் வெளியே நல்லவனாக நடந்து உள்ளே கேடுகெட்டவனாக இருக்கும் யாரையும் இப்படித் திட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தச் சொல்லின் கோபம் பதவியில் இருப்பவன் மீதான கோபம். அதை அங்கேயே வைத்திருக்க வேண்டும்.

நாரை அணிந்தவர்களில் மிங் அரசின் தலைமை அமைச்சர் யென் சோங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஜியாஜிங் பேரரசரின் காலத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டு அதிகாரம் அவர் கையில். மகன் யென் ஷிஃபான் பதவிகளை விலை பேசி விற்றான். 1562இல் தந்தை வீழ்ந்தார், 1565இல் மகனின் தலை போனது. வீட்டைப் பறிமுதல் செய்தபோது முப்பதாயிரம் லியாங்குக்கு (ஒரு லியாங் ஏறக்குறைய 37 கிராம்) மேல் தங்கமும் இருபது லட்சம் லியாங்குக்கு மேல் வெள்ளியும் கிடைத்ததாக மிங் அரச வரலாறு எழுதி வைத்திருக்கிறது.

சம்பளம் போதாததால்தான் வாங்கினார்கள் என்று ஒரு சமாதானம் உண்டு. அது முழுப் பொய்யும் இல்லை. ஏழாம் நிலையில் இருந்த ஒரு மாவட்ட அதிகாரிக்கு ஆண்டுக்கு 90 ஷி (தானியம் அளக்கும் சீன அளவு) அரிசிதான் ஊதியம். அதிலும் ஒரு பகுதியை மதிப்பிழந்த காகிதப் பணமாகக் கொடுத்தார்கள். ஒரு காலத்தில் கடல் கடந்து வந்த மிளகைக்கூடச் சம்பளக் கணக்கில் தள்ளியிருக்கிறார்கள். சரி, ஆனால் யென் சோங்கின் வீட்டில் இருந்தது பசிக்காக வாங்கிய பணமா?

அதே ஊதியத்தில், அதே ஆண்டுகளில், ஜெஜியாங் மாகாணத்தின் சுன்ஆன் மாவட்டத்தில் ஹாய் ருய் என்று ஒரு மாவட்ட அதிகாரி இருந்தார். அம்மாவின் பிறந்தநாளுக்கு அவர் இரண்டு ஜின் (ஒரு கிலோவுக்குச் சற்று மேல்) இறைச்சி வாங்கியதை அவருக்கு மேலே இருந்த ஆளுநர் ஹூ சோங்ஷியான் ஒரு செய்தியாகவே மற்றவர்களிடம் சொன்னாராம். அந்த ஆளுநரின் மகன் அவ்வழியே வந்தபோது உபசரிப்பு போதவில்லை என்று சத்திரத்துப் பணியாளைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டான். ஹாய் ருய் என்ன செய்தார் தெரியுமா? ஆடம்பரம் கூடாது என்று உத்தரவிட்டவர் ஆளுநர். இவ்வளவு மூட்டையோடு வருகிறவன் அவர் மகனாக இருக்க முடியாது என்றார். மூட்டையைப் பிரித்து ஆயிரக்கணக்கான லியாங் வெள்ளியை எடுத்துக் கருவூலத்தில் சேர்த்தார். அப்புறம் ஆளுநருக்கே ஆள் அனுப்பித் தகவலும் சொன்னார். ஆளுநரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

படிக்கும்போது கைதட்டத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் ஹாய் ருய்யைக் காட்டி ‘பார், இவர் இருக்கவில்லையா?’ என்று கேட்பவர்களோடு என்னால் சேர முடியாது. அவரைப் போல் ஒருவர் வாழ இரண்டு ஜின் இறைச்சியே செய்தியாகும் அளவுக்கு வற்றிப்போக வேண்டியிருந்தது என்றால், அதுவும் நாரை அணிந்தவர்கள் செய்த குற்றம்தான். திருடியவர்களின் கணக்கில் வெள்ளியை மட்டும் எழுதினால் போதாது. நேர்மையாக இருப்பதை ஒரு மனிதனின் வாழ்நாள் தண்டனையாக மாற்றினார்களே, அதையும் எழுத வேண்டும்.

1587இல் நான்ஜிங்கில் ஹாய் ருய் இறந்தபோது இரண்டாம் நிலைப் பதவியில் இருந்தார். உள்ளே போய்ப் பார்த்த சக அதிகாரி வாங் யோங்ஜி கண்டது முரட்டு நார்த்துணித் திரையும் நைந்த மூங்கில் பெட்டியும். அழுதுவிட்டார். பணம் திரட்டித்தான் சவ அடக்கம் நடந்தது. ஊரில் கடைகளை மூடினார்கள். உடலைப் படகில் ஏற்றிக் கொண்டுபோனபோது ஆற்றின் இரு கரையிலும் வெள்ளை உடுத்தி நின்றார்கள். மதுவைத் தரையில் ஊற்றி அழுதவர்களின் வரிசை 100 லி (ஏறக்குறைய 50 கிலோமீட்டர்) தூரத்துக்கு அறுபடவில்லை.