"ஆடியவை" என்ற கட்டத்தை முதலில் பாருங்கள்

நியூசிலாந்து டெஸ்ட் கிரிக்கெட் அணியின் நேருக்கு நேர் கணக்கை எடுத்துக் காட்டி, "தொண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆடியும் இவ்வளவுதானா?" என்று கேட்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். எதிரணி, ஆடியவை, வென்றவை, தோற்றவை, டிரா என்று போகும் அந்தப் பட்டியலில் ஆஸ்திரேலியா, இங்கிலாந்து வரிகளைப் பார்த்தால் தோல்விகள் வெற்றிகளைப் போல் பல மடங்கு. எண்கள் சரிதான். ஆனால் எல்லாரும் நேரே "வென்றவை" கட்டத்துக்குத் தாவிவிடுகிறார்கள். அதற்கு முந்தைய கட்டத்தில்தான் கதையே இருக்கிறது என்பது என் கருத்து. யாரோடு எத்தனை ஆட்டம் என்பதை ஒரு அணி தனியாக முடிவு செய்ய முடியாது. எதிரணி வர வேண்டும், முழு பலத்தோடு வர வேண்டும், ஒன்றிரண்டு ஆட்டத்தோடு கிளம்பாமல் இருக்க வேண்டும். நியூசிலாந்துக்கு இந்த மூன்றும் சேர்ந்து அமைந்த காலம் மிகக் குறைவு.

1930 ஜனவரியில் கிறைஸ்ட்சர்ச்சில் அவர்களுடைய முதல் டெஸ்ட். எதிரே இங்கிலாந்து. அதே நாட்களில் இன்னொரு இங்கிலாந்து அணி பார்படாஸில் மேற்கிந்தியத் தீவுகளோடு டெஸ்ட் ஆடிக்கொண்டிருந்தது. அப்படிப் பிரித்து அனுப்பிய அணியிடமே நியூசிலாந்து 8 விக்கெட்டில் தோற்றது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆலம் தன் முதல் டெஸ்டிலேயே ஹாட்ரிக் உட்பட ஐந்து பந்தில் நான்கு விக்கெட் எடுத்தார். தொடக்கம் அப்படி.

ஆஸ்திரேலியாவோடு நடந்தது இதைவிட வருத்தமானது. பக்கத்து நாடு, நடுவே டாஸ்மன் கடல் மட்டும்தான். 1946 மார்ச்சில் வெலிங்டனுக்கு வந்து ஒரே ஒரு டெஸ்ட் ஆடினார்கள். நியூசிலாந்து 42 ரன், அடுத்த இன்னிங்ஸில் 54. இரண்டு நாளுக்குள் ஆட்டமே முடிந்துவிட்டது. பில் ஓ'ரெய்லிக்கு எட்டு விக்கெட். நடந்தபோது அதற்கு டெஸ்ட் அந்தஸ்துகூட இல்லை, 1948-இல்தான் கொடுத்தார்கள். சரி, மோசமாகத் தோற்றார்கள். அடுத்த முறை எப்போது? 1973 டிசம்பர் கடைசியில், மெல்போர்னில். நடுவே இருபத்தேழு ஆண்டுகள் ஆஸ்திரேலியா அவர்களோடு ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. அவ்வப்போது இரண்டாம்நிலை அணியை அனுப்புவார்கள். அந்த ஆட்டங்கள் எந்தக் கணக்கிலும் வராது.

அந்த இடைவெளியில் ஒரு தலைமுறையே வந்து போய்விட்டது. ஜான் ரீட் 1949 முதல் 1965 வரை 58 டெஸ்ட் ஆடினார். அவற்றில் ஒன்றுகூட ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இல்லை. பட்டியலில் இது எந்தக் கட்டத்திலும் தெரியாது. ஆடாத ஆட்டத்துக்குக் கட்டம் கிடையாதே.

1946-இல் நியூசிலாந்துக்குக் கேப்டன் வால்டர் ஹாட்லி. 1974 மார்ச்சில் கிறைஸ்ட்சர்ச்சில் நியூசிலாந்து முதன்முறையாக ஆஸ்திரேலியாவை வென்றபோது அவருடைய மகன்கள் இருவர், டேலும் ரிச்சர்டும், அணியில் இருந்தார்கள். கிளென் டர்னர் இரண்டு இன்னிங்ஸிலும் சதம் அடித்தார். தேதியைக் கவனியுங்கள். மறுபடி ஆடத் தொடங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் வெற்றி வந்துவிட்டது. 1950-களிலும் 60-களிலும் ஆடியிருந்தால் நிறையத் தோற்றிருப்பார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தோற்றுத்தான் கற்க முடியும். அந்த வாய்ப்பே இல்லாமல் போனதுதான் என் ஆதங்கம். 1985-இல் பிரிஸ்பேனில் ரிச்சர்ட் ஹாட்லி முதல் இன்னிங்ஸில் 52 ரன்னுக்கு 9 விக்கெட், மொத்தம் 15 விக்கெட் எடுத்து இன்னிங்ஸ் வெற்றி தேடித் தந்தார். அந்தத் தொடரையும் 2-1 என்று வென்றார்கள். தொடர்ந்து ஆடக் கிடைத்த பன்னிரண்டே ஆண்டில் வந்த உயரம் அது.

முதல் டெஸ்ட் வெற்றிக்கு அவர்கள் 26 ஆண்டுகள் காத்திருந்ததையும் கேலியாகச் சொல்கிறார்கள். 1955-இல் ஆக்லாந்தில் இங்கிலாந்திடம் 26 ரன்னுக்குச் சுருண்டார்கள், இன்றுவரை டெஸ்டில் அதுவே மிகக் குறைந்த ஸ்கோர். அடுத்த ஆண்டே, அதே ஆக்லாந்தில், மேற்கிந்தியத் தீவுகளை 77 ரன்னுக்குச் சுருட்டி 190 ரன் வித்தியாசத்தில் வென்றார்கள். அது அவர்களுக்கு 45-ஆவது டெஸ்ட். கடைசி விக்கெட்டை ஸ்டம்பிங் செய்தவர் சாமி கில்லன். சில ஆண்டுகளுக்கு முன்பு மேற்கிந்தியத் தீவுகள் அணிக்காக இதே நாட்டுக்கு வந்து ஆடி, பின்பு அங்கேயே தங்கிவிட்டவர்.

"தோற்றவை" கட்டத்தில் இருக்கும் ஒரு ஆட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. 1953 டிசம்பர், ஜோகன்னஸ்பர்க், எல்லிஸ் பார்க் மைதானம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு நியூசிலாந்தில் தாங்கிவாய் என்ற இடத்தில் ரயில் ஆற்றில் விழுந்து 151 பேர் இறந்தார்கள். அணியின் வேகப்பந்து வீச்சாளர் பாப் பிளேருக்கு நிச்சயம் செய்யப்பட்டிருந்த பெண்ணும் அந்த ரயிலில் இருந்தார். 26-ஆம் தேதி பிளேர் ஓட்டல் அறையிலேயே இருந்தார். மைதானத்தில் தென்னாப்பிரிக்க வேகப்பந்து வீச்சாளர் ஆட்காக்கின் பந்து தலையில் பட்டு பெர்ட் சட்க்ளிஃப் மருத்துவமனைக்குப் போனார். தலையில் கட்டோடு திரும்பி வந்து சிக்ஸர்களாக அடித்தார். ஒன்பதாவது விக்கெட் விழுந்ததும் இன்னிங்ஸ் முடிந்தது என்று எல்லாரும் கிளம்பியபோது, பிளேர் மட்டையோடு இறங்கி வந்தார். இருவரும் பத்து நிமிடத்தில் 33 ரன் சேர்த்தார்கள். சட்க்ளிஃப் ஆட்டமிழக்காமல் 80. நியூசிலாந்து 132 ரன் வித்தியாசத்தில் தோற்றது. தென்னாப்பிரிக்கா வரியில் அது ஒரு தோல்வி, அவ்வளவுதான். சட்க்ளிஃப் ஆடிய 42 டெஸ்டில் ஒன்றில்கூட அவருடைய அணி வெல்லவில்லை. அதை வைத்து அவரை எடை போட யாருக்காவது மனம் வருமா?

வெற்றிகளையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். 1932-இல் தொடங்கிய தென்னாப்பிரிக்கக் கணக்கில் முதல் தொடர் வெற்றி 2024 பிப்ரவரியில்தான் வந்தது. நியூசிலாந்து ரசிகனாக எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் உள்நாட்டு டி20 லீக்குக்காக முன்னணி வீரர்களை நிறுத்திக்கொண்டு, கேப்டன் நீல் பிராண்ட் உட்படப் பல புதுமுகங்களை அனுப்பியது தென்னாப்பிரிக்கா. 1930-இல் இங்கிலாந்து செய்ததன் இன்னொரு வடிவம் இது. தொண்ணூற்றிரண்டு ஆண்டு காத்திருப்பு முழு பலமுள்ள அணிக்கு எதிராக முடிந்திருக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிர் உதாரணம் அதே ஆண்டில் இந்தியாவில் நடந்தது. 1955-இல் முதல் சுற்றுப்பயணம் வந்ததிலிருந்து இந்திய மண்ணில் அவர்கள் அதுவரை வென்றிருந்தவை இரண்டே டெஸ்ட்: 1969-இல் நாக்பூர், 1988-இல் பம்பாய். 2024 அக்டோபரில் வரும்போது இலங்கையில் இரண்டு டெஸ்டையும் தோற்றுவிட்டு வந்தார்கள். முன்னணி மட்டையாளர் வில்லியம்சனுக்குக் காயம். அப்படி வந்த அணி பெங்களூருவில் இந்தியாவை 46 ரன்னுக்குச் சுருட்டியது. புனேயில் சான்ட்னர் 13 விக்கெட் எடுத்தார். மும்பையில் 25 ரன்னில் வெற்றி. அறுபத்தொன்பது ஆண்டில் இரண்டு, அப்புறம் பதினைந்து நாளில் மூன்று. மும்பையில் பிறந்த அஜாஸ் படேல் 2021-இல் அதே வான்கடேயில் ஒரே இன்னிங்ஸில் பத்து விக்கெட்டும் எடுத்தார், அணி 372 ரன்னில் தோற்றது. 2024-இல் 11 விக்கெட் எடுத்தார், அணி வென்றது. முதல் ஆட்டத்தின் அஜாஸுக்கும் இரண்டாவது ஆட்டத்தின் அஜாஸுக்கும் திறமையில் என்ன வித்தியாசம்?

ஒருநாள் போட்டிக்குப் போனால் 2019 ஜூலை 14 லார்ட்ஸ் உலகக் கோப்பை இறுதிப்போட்டி. இருவரும் 241, சூப்பர் ஓவரிலும் இருவரும் 15. பவுண்டரி எண்ணிக்கையில் இங்கிலாந்துக்குக் கோப்பை. நேருக்கு நேர் பட்டியலில் அந்த ஆட்டம் "சமன்" கட்டத்தில்தான் இருக்கிறது. பட்டியல் உண்மையைச் சொன்ன இடம் அது ஒன்று.

என்னை உறுத்துவது இரண்டு டெஸ்ட் தொடர்கள்தான். இவர்களோடு என்றால் இரண்டு ஆட்டம் போதும் என்ற முடிவை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். வருமானக் கணக்கு அப்படி என்பார்கள். புரிகிறது, ஆனால் ஏற்க முடியவில்லை. குறைந்தது மூன்று டெஸ்ட் இல்லாமல் எந்தத் தொடரும் கூடாது என்று ஐசிசி விதியாகவே கொண்டுவர வேண்டும். 2011 டிசம்பரில் முதல் டெஸ்டில் பிரிஸ்பேனில் தோற்றுவிட்டு ஹோபார்ட் போனார்கள். ஆஸ்திரேலியாவின் டேவிட் வார்னர் 123 ரன்னோடு ஒரு முனையில் நின்றுகொண்டிருக்க, டக் பிரேஸ்வெல் இன்னிங்ஸில் ஆறு விக்கெட் எடுத்தார். 7 ரன்னில் நியூசிலாந்து வென்றது. ஆஸ்திரேலியாவில் இருபத்தாறு ஆண்டுக்குப் பிறகு கிடைத்த வெற்றி. தொடர் 1-1. மூன்றாவது டெஸ்ட் எப்போது என்று ஆவலாகத் தேடினேன். அட்டவணையில் அப்படி ஒன்று இல்லவே இல்லை.