கார் கொட்டகைக் கதையை இனியும் என்னிடம் சொல்லாதீர்கள்

நேற்றைய விவாதத்தை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். கலிபோர்னியாவில் கணினித் தொழில் குவிந்திருக்கும் சிலிக்கான் பள்ளத்தாக்கை வளர்த்தெடுத்தது அமெரிக்க ராணுவத்தின் பணம் என்று நான் சொன்னதற்கு, ஒரு வரி மறுப்புகூட இல்லாமல், "சதிக்கோட்பாடு" என்று என் வாயை அடைத்தார்கள். இரண்டு இளைஞர்கள் ஒரு கார் கொட்டகையில் கொஞ்சம் துணிச்சலோடு தொடங்கியதுதான் எல்லாம் என்ற கதையைத் தாண்டி எதையும் கேட்க அவர்களுக்கு மனமில்லை.

அந்தக் கொட்டகையையே எடுத்துக்கொள்வோம். அந்தப் பள்ளத்தாக்கின் பாலோ ஆல்ட்டோ நகரில் அது இன்று நினைவுச் சின்னமாக நிற்கிறது. அங்கே ஹெச்பி நிறுவனத்தைத் தொடங்கிய ஹியூலெட்டும் பேக்கார்டும் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஃபிரெடரிக் டெர்மனின் மாணவர்கள். இரண்டாம் உலகப் போரின்போது, எதிரியின் ரேடாரைக் குழப்பும் கருவிகளுக்கான ரகசிய ஆய்வகத்தை ஹார்வர்டில் நடத்தியவர் இதே டெர்மன்தான். போர் முடிந்து திரும்பியவர், ராணுவ ஆய்வுப் பணத்தை ஸ்டான்ஃபோர்டுக்குக் கொண்டுவந்தார். 1956இல் விமான, ஆயுத நிறுவனமான லாக்ஹீடின் ஏவுகணைப் பிரிவு அதே பள்ளத்தாக்கின் சன்னிவேலுக்கு வந்தது. கொரோனா என்ற உளவுச் செயற்கைக்கோள் திட்டத்தில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. அந்தச் செயற்கைக்கோள் எடுத்த படச்சுருளோடு பாராசூட்டில் இறங்கிய கலத்தை, 1960 ஆகஸ்டில், பசிபிக் கடலுக்கு மேலே பறந்த விமானம் ஒன்று நடுவானிலேயே கொக்கி போட்டுப் பிடித்தது. 1995 வரை கொரோனாவின் உளவு வேலை ரகசியமாகவே இருந்தது. பேசக் கூடாதவை பூட்டிக் கிடந்தபோது, பேச எஞ்சியது கொட்டகைக் கதை மட்டும்தான்.

கல்லூரியில், கணினிக்குள் இருக்கும் சில்லுகளை (சிப்) உருவாக்கிய கில்பி, நாய்ஸ் பெயர்களை நாங்கள் மனப்பாடம் செய்தோம். அந்தச் சில்லுகளை முதலில் காசு கொடுத்து வாங்கியது யார் என்று நான் கேட்டபோது, "அது தேர்வுக்கு வராது, உட்கார்" என்றார் ஆசிரியர். 1960களின் தொடக்கத்தில் அவற்றை ஏறத்தாழ முழுவதுமாக வாங்கியது அமெரிக்க அரசு. மினிட்மேன் ஏவுகணைக்கும் அப்பல்லோ விண்கலத்துக்கும் மொத்தமாக வாங்கியதால்தான் விலை சரிந்து, சில்லு பிறகு சாதாரணக் கருவிகளுக்குள் நுழைந்தது.

"பணம் ராணுவத்துடையது, மூளை பொறியாளர்களுடையது" என்பீர்கள். மூளையை நான் எங்கே மறுத்தேன்? வாங்க ஆளில்லாத பண்டத்தை எந்த மூளையால் எத்தனை நாள் தயாரிக்க முடியும்?

"பழங்கதை எதற்கு" என்பவர்களுக்குச் சொல்கிறேன், இது பழங்கதை அல்ல. அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ 1999இல் தொடங்கிவைத்த இன்-க்யூ-டெல் என்ற முதலீட்டு அமைப்பு பணம் போட்ட கீஹோல் நிறுவனத்தை 2004இல் கூகுள் வாங்கியது. உங்கள் ஊரை வானிலிருந்து காட்டும் கூகுள் எர்த் அதிலிருந்து வந்ததுதான். 2018இல், ட்ரோன் காட்சிகளை அலசும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகனின் மேவன் திட்டத்திலிருந்து விலகுமாறு கோரும் கடிதத்தில் கூகுள் ஊழியர்கள் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். நிறுவனமும் அந்த ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று அறிவித்தது. தாங்கள் எழுதும் நிரல் யாரைக் குறிவைக்கப் போகிறது என்று அவர்கள் கேட்டதை மனசாட்சி என்று பாராட்டியவர்களே, அந்தக் கேள்வியின் வரலாற்றைத் தமிழில் நான் சொன்னால் மட்டும் ஏன் இவ்வளவு கோபப்படுகிறீர்கள்?