அந்தப் பெண் அழித்தது ஒரே ஒரு கோப்புதான்

சர்வரைப் படுக்கவைத்துவிட்டார் என்று ஒரு பெண்ணைக் கேலி செய்து நம் பெங்களூரு தமிழ் ஐடி குழுக்களில் சுற்றும் அந்த ஸ்கிரீன்ஷாட்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பெயரை மறைத்துவிட்டார்களாம். முகம் அப்படியே இருக்கிறது. என்ன ஒரு பெருந்தன்மை!

அவர் செய்தது என்ன? சர்வர் தன் நடப்புகளை எழுதிவைக்கும் லாக் ஃபோல்டருக்குள், அந்த ஃபோல்டர் காணாமல் போகாமலிருக்க யாரோ வைத்த, பூஜ்யம் பைட்டில் கிடந்த ஒரு கிட்கீப் கோப்பை, கோடு மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட் மென்பொருளின் 'கிட் ஆர்எம்' என்ற அழிக்கும் கட்டளையைக் கொடுத்து நீக்கினார். கூடவே ஃபோல்டரும் போனது. லாக் எழுத இடமில்லாமல் சர்வர் படுத்தது. உடனே குழுவில், "அடிப்படைகூடத் தெரியாதவங்களை எப்படி வேலைக்கு எடுக்கிறாங்க?"

ஐயா, கிட்டின் இண்டெக்ஸில், அதாவது அது கவனிக்கும் கோப்புகளின் பட்டியலில், கோப்புகளின் பாதைதான் இருக்கும், ஃபோல்டர் தனியாக இருக்காது. காலி ஃபோல்டரை 'கிட் ஆட்' கொடுத்து அதில் சேர்த்துப் பாருங்கள். ஒன்றும் நடக்காது, எரர்கூட வராது. கடைசிக் கோப்பு போனதும் ஃபோல்டரையும் அதுவே துடைத்துவிடும். திரையில் வருவது கோப்பின் பெயர் மட்டும். அந்தப் பெண் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

கிட்கீப் என்பது கிட்டின் வசதியே இல்லை, ஆட்களாகப் பழக்கிக்கொண்டது. அதை வைத்த மகானுபாவர் உள்ளே ஒரு வரி எழுதியிருக்கலாம், 'அழிக்காதீர்கள், லாக்குக்கு வேண்டும்' என்று. இல்லாத ஃபோல்டரை உருவாக்கிக்கொள்ள அந்த சர்வர் புரோகிராமில் ஒரு வரி சேர்த்திருக்கலாம். அவர்களுடைய ஸ்கிரீன்ஷாட் எங்கே?

"டாகுமெண்டேஷன் படிக்க வேண்டாமா?" வேண்டும். படித்துவிட்டுத்தான் நீங்கள் எல்லாம் கிட்டைப் போன்ற பழைய மென்பொருளான சப்வெர்ஷனிலிருந்து வந்தீர்களா? அங்கே காலி ஃபோல்டரும் கமிட் ஆகும், அதாவது பதிவாகும். அதே வேலை செய்யும் மெர்க்குரியல் வேண்டுமானால் இதில் கிட் கட்சி. நாம் நிற்கிற ஃபோல்டரையே காலடியிலிருந்து உருவும் பழக்கத்தை 2022-இல், 2.35 பதிப்பில்தான் கிட் விட்டது. கிட்டை எழுதுகிறவர்களுக்கே உறுத்திய விஷயம், நம் குழு மேதைகளுக்கு மட்டும் பிறவி ஞானம்.

என் முதல் வேலை பெங்களூரு பெல்லந்தூரில். கடவுச்சொல் இருந்த கான்ஃபிக் (அமைப்பு) கோப்பு, எல்லோரும் பகிரும் கிட் ரெப்போவில் கிடந்தது. "ஆர்எம்மோட கேஷ்டு சேர்த்துப் போடு தம்பி, கிட் பட்டியலிலிருந்து மட்டும் போகும், கோப்பு அப்படியே இருக்கும்" என்றார் சீனியர். என் லேப்டாப்பில் இருந்தது. கமிட்டைப் பொறுத்தவரை அது நீக்கம்தானே? அந்தக் கோப்பைத் திருத்தாமல் வைத்திருந்த எல்லோருக்கும், புதிய மாற்றங்களை இழுத்துக்கொள்ள புல் செய்ததும் கோப்பு காணாமல் போனது. மீட்டிங்கில் மேனேஜர் என்னை நிற்கவைத்துக் கேட்டார். சொல்லிக்கொடுத்தவர் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சேலத்துப் பையனுக்கு கிட் எங்கே தெரியப்போகுது" என்று அப்புறம் கேண்டீனில் சொன்னாராம். அவரும் தமிழர்தான். பழைய கமிட்டுகளில் கடவுச்சொல் அப்படியே கிடந்தது, அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"தமிழ்ப் பெண் என்பதால் வக்காலத்தா?" என்று இன்பாக்ஸில் ஒரு அண்ணன். கன்னடப் பெண்ணாக இருந்தாலும் எழுதியிருப்பேன் அண்ணா. சரி, இவ்வளவு கோபம் வந்திருக்காது. ஆனால் இந்தப் படம் அவர் ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் வரை போயிருக்கிறது. வீட்டில் அவர் என்ன சொல்வார்? காலி ஃபோல்டர், இண்டெக்ஸ் என்று அம்மாவுக்கு விளக்குவாரா? சர்வரை ஒரு வரியில் எழுப்பிவிடலாம். இதை என்ன செய்வீர்கள்?

அந்த சீனியர் யார் என்று கேட்டு மெசேஞ்சரில் வராதீர்கள். நம் நட்புப் பட்டியலில்தான் இருக்கிறார். ஸ்கிரீன்ஷாட்டுக்குச் சிரித்தவர்களில் அவரும் உண்டு.